ஒட்டுத்துணிப் போர்வைக்கு ஃப்ளீஸ் அடித்துணி வைத்துத் தைக்கும் முறை

மூணாற்றைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் மார்கழி பிறந்துவிட்டால், விடியற்காலையில் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது செடிகளின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் உறைபனியைத்தான். செண்டுவரை போன்ற மேட்டுத் தோட்டங்களில் சில ஆண்டுகள் ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழேகூட இறங்குவதுண்டு. அந்தக் குளிரில் லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீட்டின் சிமெண்டுத் தரையில் படுக்கிறவர்களுக்குப் போர்வை அலங்காரப் பொருளன்று. தோட்டத் தொழிலாளர்களுக்காக 1951-இல் இயற்றப்பட்ட சட்டத்திலேயே, மழைக்கும் குளிருக்கும் காப்பாகக் குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றை நிர்வாகம் வழங்க மாநில அரசுகள் விதி செய்யலாம் என்று ஒரு பிரிவு வைத்திருந்தார்கள் என்றால், மலைத்தோட்டத்தில் கம்பளிக்கு இருக்கும் மதிப்பு விளங்கும்.

எங்கள் வீட்டில் பழஞ்சேலைகளை நான்கைந்து மடிப்பாக அடுக்கி, கையால் ஓட்டுத்தையல் போட்டுப் போர்வையாக்குவது என் பாட்டி காலத்திலிருந்து உண்டு. சட்டைத் துணி, பாவாடைத் துணி ஆகியவற்றில் மிஞ்சிய துண்டுகளைச் சதுரமாக வெட்டி இணைத்து மேலே வைத்தால் அது ஒட்டுத்துணிப் போர்வை. பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் செப்டம்பர் வரை இந்த மலையில் வெயிலை நம்ப முடியாது. ஐந்து மடிப்புப் பருத்தி ஒருமுறை நனைந்தால் வாரக்கணக்கில் காயாது, பூஞ்சணம் பூத்து வாடை பிடித்துவிடும். பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைப் போர்வையின் நிலைமை அதைவிட மோசம். நான் பல ஆண்டுகளாக அடித்துணிக்கு ஃப்ளீஸ் வைத்துத் தைப்பதற்கு முதற்காரணம் இந்த மழைதான். கதகதப்பு இரண்டாவது காரணம்.

ஃப்ளீஸ் என்பது பாலியெஸ்டர் நூலைப் பின்னி, பின்னலின் இழைகளைக் கம்பித் தூரிகையால் கிளப்பிப் பஞ்சுபோல் ஆக்கிய துணி. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் மில்ஸ் என்னும் ஆலை, ஆட்டுக் கம்பளிக்கு மாற்றாக இதனை உருவாக்கியது. கிளப்பிய இழைகளுக்கு நடுவே காற்று தங்குவதால் உடம்புச் சூடு வெளியேறாது. பாலியெஸ்டர் இழை தண்ணீரை உள்ளே உறிஞ்சுவதில்லை என்பதால், நன்றாகப் பிழிந்து அடுப்படிக் கொடியில் போட்டாலே மழைக்காலத்திலும் விரைவில் காய்ந்துவிடும். வெட்டிய ஓரத்தில் நூல் பிரிவதுமில்லை. இத்தனை நல்ல குணங்களோடு ஒரு குணம் தைப்பவரைச் சோதிக்கும்: அது இழுத்தால் நீளும். நெய்த பருத்திக்குப் பழகிய கை இதை மறந்துவிடுகிறது, பெரும்பாலான பிழைகள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

கடையில் கேட்டு வாங்குவது

சின்னாறு சோதனைச் சாவடியைக் கடந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கி, அங்கிருந்து திருப்பூர் காதர்பேட்டை வரை போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பனியன் ஊராகிய திருப்பூரில் ‘ஃப்ளீஸ்’ என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் பருத்தியிலோ பருத்தி கலந்த நூலிலோ பின்னி, ஒரு பக்கம் மட்டும் பஞ்சாக்கிய ஸ்வெட்சர்ட் துணியை எடுத்துப் போடுவார்கள். அதுவும் நல்ல துணிதான். ஆனால் துவைத்தால் சுருங்கும், காய நேரமாகும், கனம் அதிகம். நமக்கு வேண்டியது இரண்டு பக்கமும் பஞ்சு கிளப்பிய பாலியெஸ்டர் துணி. ‘போலார் ஃப்ளீஸ்’ என்று கேட்க வேண்டும். ஐயம் இருந்தால் ஒரு சிறு துணுக்கைக் கேட்டு வாங்கி, வெளியே வந்து, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள்: பருத்தியானால் காகிதம் எரியும் வாடை வந்து சாம்பலாகும், பாலியெஸ்டரானால் உருகிச் சுருண்டு கெட்டியான கருமணியாக நிற்கும்.

கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று ஜி.எஸ்.எம். கணக்கில் சொல்வார்கள். 100 ஜி.எஸ்.எம். மிக மெல்லியது; 300 நல்ல தடிப்பு. வீட்டுத் தையல் மிஷினுக்கும் நம் மலைக்குளிருக்கும் 200 ஜி.எஸ்.எம். பொருந்தும் என்பது என் அனுபவம். பின்னல் துணியைப் பல கடைகளில் கிலோக் கணக்கில் விற்பார்கள் என்பதால், மீட்டரை எடையாக்கிப் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது. ஒன்றரை மீட்டர் அகலமுள்ள 200 ஜி.எஸ்.எம். துணி இரண்டரை மீட்டர் வேண்டுமானால், 2.5-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 3.75 சதுர மீட்டர். அதை 200-ஆல் பெருக்கினால் 750 கிராம். முக்கால் கிலோ என்று கேட்டு வாங்கலாம்.

வாங்கும் முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். பெருவிரலால் ஒரே இடத்தில் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். அப்போதே சிறுசிறு உருண்டைகள் திரண்டால், ஒரு குளிர்காலத்துக்குள் போர்வை முழுதும் திரளும். பிறகு ஒரு சாண் அகலத்தைப் பிடித்து இழுத்து விடுங்கள். உடனே பழைய அளவுக்குத் திரும்பாமல் தொங்கினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நடுவில் பஞ்சுத் தட்டு தேவையா என்று பலரும் கேட்கிறார்கள். தேவையில்லை என்பதே என் முடிவு. மேலே பருத்தி, அடியில் ஃப்ளீஸ், இரண்டே அடுக்கு போதும். ஒற்றைக் கட்டிலுக்கான போர்வை அப்போது ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். கையால் அலசிப் பிழிய முடியும். மேட்டுத் தோட்டத்தில் இருப்பவர்கள், இன்னும் கதகதப்பு வேண்டுமென்றால், துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டி ஒன்றை நடுவில் வைக்கலாம். பாலியெஸ்டர் பஞ்சுத் தட்டையும் வைத்து ஃப்ளீஸையும் வைத்தால் போர்வை விறைத்து நிற்கும், மிஷினுக்கடியில் திரும்பாது.

மேல்துணியைத் தயார் செய்தல்

ஃப்ளீஸ் துணி பொதுவாக 58 முதல் 60 அங்குல அகலத்தில் வரும். அடித்துணியில் ஒட்டுப் போடாமல் முடிக்க வேண்டுமானால் மேல்துணியின் அகலம் 54 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஆறரை அங்குலச் சதுரங்களை வெட்டி, கால் அங்குலம் தையலுக்கு விட்டு இணைத்தால், ஒவ்வொரு சதுரமும் ஆறு அங்குலமாக நிற்கும். குறுக்கே 9, நெடுக்கே 14 என்று 126 சதுரங்கள் சேர்ந்தால் 54-க்கு 84 அங்குலம். புதுத்துணியில் வெட்டுவதானால், 44 அங்குல அகலமுள்ள துணி ஒரு மீட்டரில் 36 சதுரங்கள் கிடைக்கும். துவைத்துச் சுருங்கிய பிறகு மூன்றரை மீட்டர் இருந்தால் சரியாகப் போதும்.

வெட்டும் முன் பருத்தி முழுவதையும் நனைத்துத் துவைத்துக் காயவையுங்கள். இதைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். ஃப்ளீஸ் சுருங்காது, பருத்தி சுருங்கும். நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலே 84 அங்குல நீளத்தில் இரண்டரை அங்குலம் போய்விடும். சுருங்காத அடித்துணி சுருங்கிய மேல்துணிக்குப் பின்னால் பை பையாகத் தொங்கும். சிவப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களைத் தனித்தனியே ஊறவைத்து, தண்ணீர் தெளிகிற வரை அலசுங்கள். வெளிர் நிற ஃப்ளீஸில் ஏறிய சாயத்தை எடுப்பது கடினம்.

மேல்துணியைத் தைத்து முடித்தவுடன், தையல்களை ஒரு பக்கமாக மடக்கி அழுத்தமாக இஸ்திரி போடுங்கள். ஃப்ளீஸோடு சேர்த்த பிறகு சூடான இஸ்திரிப் பெட்டி அதன் அருகே வரக்கூடாது. பருத்திக்கு வைக்கும் சூட்டில் பஞ்சு நசுங்கிப் பளபளப்பாகி உருகிவிடும். அந்தத் தழும்பு போகவே போகாது.

அடுக்குதல்

நான் முதன்முதலாக ஃப்ளீஸ் வைத்துத் தைத்தது என் தங்கை மகளுக்கு. பருத்தி அடித்துணிக்குச் செய்வதைப் போலவே, தரையில் விறைப்பாக விரித்து நான்கு பக்கமும் ஒட்டுநாடா போட்டேன். 58 அங்குலத் துணி 61 அங்குலத்துக்கு நீண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. சுருக்கமில்லாமல் கண்ணாடிபோல் கிடக்கிறதே என்று மகிழ்ச்சியாகவே இருந்தது. மேல்துணியை வைத்து, ஊக்குக் குத்தி, இரண்டு நாள் உட்கார்ந்து தைத்து முடித்துத் தரையில் போட்டேன். மூன்று அங்குலத்தையும் ஃப்ளீஸ் திரும்ப வாங்கிக்கொண்டது. போர்வையின் நான்கு ஓரமும் பொரித்த அப்பளம் போல எழும்பி நின்றன, நடுவில் கட்டம் கட்டமாக மேல்துணி உப்பியிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த என் மாமியார் வந்து பார்த்துவிட்டு, “ஏன் தாயி, அது என்ன பாவுக் கயிறா, இழுத்துக் கட்டுறதுக்கு? அதுபாட்டுக்குக் கெடக்க விடு” என்றார். ஒரு முழு வாரம் தையல் பிரித்தேன். அதற்குப் பின் நான் கடைப்பிடிக்கும் முறை இது.

ஃப்ளீஸின் இரு பக்கக் கரைகளையும் அரை அங்குலம் வெட்டி எறிந்துவிடுங்கள். கரை இறுக்கமாக இருப்பதால் அது துணியைச் சுருக்கிப் பிடிக்கும். துணியை முந்தின நாள் இரவே தரையில் விரித்து, அப்படியே விட்டுவிடுங்கள். சுருளாகவோ மடிப்பாகவோ கடையில் கிடந்த துணி தன் அளவுக்குத் திரும்ப நேரம் வேண்டும். காலையில் உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் தடவிக்கொடுங்கள். விரல் நுனியால் ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். அகலத்தை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டுநாடா போடுவதானால், நகராமல் இருப்பதற்கு ஒரு பக்கத்துக்கு மூன்று இடத்தில் மட்டும், இழுக்காமல் போடுங்கள். போட்ட பிறகு மறுபடி அளந்து, குறித்த அளவும் இதுவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஃப்ளீஸ் அகலவாக்கில் அதிகமாகவும் நீளவாக்கில் குறைவாகவும் நீளும். குறைவாக நீளும் திசை போர்வையின் நீளத்துக்கு வரும்படி வையுங்கள். இல்லையென்றால் கொடியில் ஈரமாகத் தொங்கும்போது போர்வை கீழ்நோக்கி இழுபடும். இரட்டைக் கட்டிலுக்குத் தைப்பவர்கள் இரண்டு துண்டுகளை இணைக்கும்போதும் இரண்டின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். நூல் பிரியாத துணி என்பதால் ஓரத்தை மடிக்க வேண்டியதில்லை. ஒன்றின் மேல் ஒன்று அரை அங்குலம் ஏறும்படி வைத்து இரண்டு வரி நேர்த்தையல் போட்டால் தடிப்பில்லாமல் படியும்.

மேல்துணியை நான்காக மடித்து, அதன் நடுப்புள்ளியை ஃப்ளீஸின் நடுப்புள்ளியில் வைத்து விரியுங்கள். நடுவிலிருந்து தொடங்கி, நான்கு விரற்கிடைக்கு ஒன்றாக ஊக்குக் குத்துங்கள். குண்டூசி வேண்டாம், அது பஞ்சுக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். எத்தனை ஊக்கு என்று எண்ணிக் குறித்துவைத்து, கழற்றும்போது அதே எண்ணிக்கை திரும்பி வருகிறதா என்று பாருங்கள். குழந்தைகள் போர்த்தப்போகும் பொருள், அதனால் இந்தக் கணக்கில் நான் ஒருபோதும் தளர்வதில்லை.

தைத்தல்

கால் மிஷினிலேயே தாராளமாகத் தைக்கலாம். 14 நம்பர் ஊசி போதும். கிடைத்தால் பின்னல் துணிக்கென்று வரும் முனை மழுங்கிய ஊசியைப் போட்டால் தையல் விட்டுப் போகாது. பாலியெஸ்டர் நூலையே பயன்படுத்துங்கள். தையல் நீளத்தை மூன்று முதல் மூன்றரை மில்லிமீட்டர் வரை கூட்டுங்கள். சிறிய தையல் ஃப்ளீஸை நெருக்கி நீட்டிவிடும். மிஷினின் தலையில் உள்ள அழுத்தத் திருகைச் சற்றுத் தளர்த்திவிடுங்கள். எப்போதும் ஃப்ளீஸ் கீழே, துணியை நகர்த்தும் மிஷின் பல்லின் மேல் படும்படியும், பருத்தி மேலேயும் இருக்கட்டும். நீளும் துணியைப் பல் தானாகவே உள்வாங்கிக்கொள்ளும். தலைகீழாக வைத்தால் அழுத்துகால் ஃப்ளீஸை முன்னால் தள்ளிக்கொண்டே போய், வரி முடிகிற இடத்தில் ஒரு மடிப்பைக் குவித்துவிடும்.

முதலில் இரண்டு கைக்குட்டை அளவுத் துணுக்குகளை எடுத்து ஒரு வரி தைத்துப் பாருங்கள். கையில் எடுத்துப் பக்கவாட்டில் மெல்ல இழுக்கும்போது நூல் தெறித்தால் டென்ஷன், அதாவது மிஷின் நூலைப் பிடிக்கும் பிடி, இறுக்கம். பருத்திப் பக்கம் வரி சுருங்கினாலும் அப்படியே. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

சதுரங்களை இணைத்த கோட்டின் மேலேயே, ஒன்றுவிட்டு ஒரு கோடாக, அதாவது 12 அங்குலத்துக்கு ஒரு வரியாகத் தைத்தால் போதும். நடுவில் பஞ்சு இல்லாததால் அது நகர்ந்து திரளும் என்ற கவலை இல்லை, அதனால் நெருக்கமான தையல் வேண்டியதில்லை. நெடுக்கு வரிகளை முதலில், நடு வரியிலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் ஒரே திசையில் தையுங்கள். குறுக்கு வரிகள் அதன் பிறகு. மூலைவிட்டமாகத் தைப்பது அழகாக இருந்தாலும், பருத்தியும் ஃப்ளீஸும் ஒருசேர நீளும் திசை அது என்பதால் தொடக்கக்காரர்கள் தவிர்க்க வேண்டும். போர்வையின் கனம் மிஷினிலிருந்து தரைக்குத் தொங்கினால் அதுவே துணியை இழுக்கும். இடப்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் போர்வை தங்கும்படி செய்யுங்கள்.

அடிநூல் சுற்றும் பாபினில் ஃப்ளீஸின் நிறத்திலேயே நூல் சுற்றினால் அடிப்பக்கத் தையல் பஞ்சுக்குள் அமிழ்ந்து மறைந்துவிடும். வரி சற்றுக் கோணினாலும் தெரியாது. பிரிக்க நேரும்போது மட்டும் இதே குணம் வேதனை தரும்: அடிப்பக்கத்தில் தேடாதீர்கள், பருத்திப் பக்கத்தில் நான்கு தையலுக்கு ஒன்றாக அறுத்து, அடிநூலை ஒரே இழுப்பில் உருவுங்கள். வெட்டிய ஓரத்திலிருந்து பஞ்சுத் தூள் ஏராளமாக உதிரும். ஒவ்வொரு பாபின் தீரும்போதும் பாபின் கேஸைக் கழற்றி, பல்லுக்கடியில் தூரிகையால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

மிஷின் இல்லாதவர்கள் முடிச்சுப் போர்வையாக முடிக்கலாம். நான்கு சதுரங்கள் கூடும் ஒவ்வொரு சந்திலும், தடித்த எம்பிராய்டரி நூலைக் கீழே இறக்கி மேலே எடுத்து இரட்டை முடிச்சுப் போட்டு, நூலின் நுனியை ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள். மாலை நேரத்தில் லயத்து முற்றத்தில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் மூன்று நான்கு நாளில் ஆகிவிடும் வேலை.

ஓரம்

தனியாகப் பட்டி வைத்துத் தைப்பதை நான் விட்டுவிட்டேன். தைத்து முடித்த போர்வையில், மேல்துணியின் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் விட்டு ஃப்ளீஸைச் சுற்றிலும் வெட்டுங்கள். ஒவ்வொரு மூலையிலும், மேல்துணியின் முனையிலிருந்து கால் அங்குலம் விட்டுச் சாய்வாக வெட்டி, அந்தச் சாய்வை முதலில் உள்ளே மடித்து, பிறகு இரண்டு பக்கத்தையும் மேல்துணியின் மீது மடித்தால் மூலை தடிக்காமல் படியும். பிரியாத துணியாதலால் ஒற்றை மடிப்பே போதும். துணிக் கிளிப்புகளைப் போட்டு நிறுத்தி, வெட்டிய விளிம்பிலிருந்து அரைக்கால் அங்குலம் உள்ளே தள்ளி ஒரு வரி தையுங்கள். இங்கேயும் கை இழுக்கத் துடிக்கும். மூலைக்கு வரும்போது நின்று, ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்துவிட்டுத் திருப்புங்கள்.

புழக்கம்

ஃப்ளீஸ் தீயைத் தாங்காது. உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். குளிர்காய நெருப்பு மூட்டிய இடத்திலும், அடுப்பங்கரையிலும் இந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்காரக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, சொல்லி வையுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும்போது எந்தப் போர்வையும் தளர்வாகப் போடாமல் இருப்பதே பாதுகாப்பு; தைத்த போர்வையைத் தரையில் விரித்து விளையாட விடலாம். பக்கத்து வீட்டுச் சேச்சி தன் பேரனுக்கு ஒரு புதப்பு (போர்வை) தைத்துத் தரச் சொன்னபோதும் இதைச் சொல்லித்தான் கொடுத்தேன்.

குளிர்ந்த தண்ணீரில், சோப்பைக் குறைத்து அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவங்கள் பஞ்சின் மேல் படிந்து அதன் கதகதப்பைக் கெடுக்கும். கல்லில் அடிக்காதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள்; உருண்டை திரள்வது பெரும்பாலும் அதனால்தான். துவைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரில் கலக்கின்றன. நம் ஓடைகள் முதிரப்புழை ஆற்றில் சேர்ந்து, அது பெரியாற்றில் போய்க் கலக்கிறது. ஆகவே நான் ஓடையில் அலசுவதில்லை; வாளியில் அலசி, அந்தத் தண்ணீரைப் பழைய வேட்டித் துண்டு கட்டிய இன்னொரு வாளியில் வடிகட்டி, துணியில் தங்கிய பஞ்சைக் காய்ந்த பின் குப்பையில் போடுகிறேன். போர்வையைப் பிழிந்த பிறகு ஒரே கொடியில் தொங்கவிடாமல், ஓர் அடி இடைவெளியுள்ள இரண்டு கொடிகளின் மேல் பரப்பிப் போடுங்கள்; ஃப்ளீஸ் பக்கம் மேலே இருக்கட்டும். மதியத்துக்குள் அது காய்ந்துவிடும். பிறகு திருப்பிப் போட்டால், பருத்திப் பக்கத்துத் தையல் மடிப்புகளில் தங்கிய ஈரம் மாலைக்குள் வாங்கிவிடும்.